காரணத்துக்கு முந்திய காரியம்: குளோரீனும் ஈம் நொதியமும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

முதலிற் காரணம் அறியப்பட்டது, பின்னர் அது பயன்படுத்தப்பட்டது என விஞ்ஞான வரலாற்றை ஒழுங்குபடுத்திக் கூறுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. ஆயின், குளோரீன் கிருமிகளை அழித்த வரலாறு இவ்வொழுங்குக்குள் அமைவதன்று. இங்கே காரியம் முந்தியது. காரணமோ நூறாண்டுகளுக்கு மேலாகப் பிந்தியது.

வியன்னாப் பொது வைத்தியசாலையில், மருத்துவ மாணவர் பயின்ற முதலாம் மகப்பேற்றுப் பிரிவிலே பிரசவக் காய்ச்சலால் தாய்மார் பலர் மாண்டனர். மருத்துவிச்சிகள் பயின்ற இரண்டாம் பிரிவிலோ இறப்பு மிகக் குறைவு. பிணப் பரிசோதனை செய்த கைகளே நோயைக் கொணர்கின்றன என முடிவுசெய்த செம்மல்வைஸ், 1847 மே மாதத்தில், குளோரீனேற்றிய சுண்ணாம்புக் கரைசலிற் கைகழுவ வேண்டுமென விதித்தார். ஏப்பிரலில் 18 சதவீதத்தைத் தாண்டியிருந்த இறப்பு, யூனில் ஏறத்தாழ 2 சதவீதமாகியது. கைகளிற் படிந்த பிணவாடையைப் போக்கியமையே அக்கரைசலை அவர் தெரிந்தெடுத்ததற்கான காரணமாகும். கிருமிக் கொள்கை அன்று நிலைபெற்றிருக்கவில்லை. எண்கள் அவர் பக்கம் நின்றன, விளக்கம் நிற்கவில்லை. எனவே மருத்துவருட் பலர் அவரை ஏற்கவில்லை. 1865இல் மனநோய் விடுதியொன்றில் அவர் உயிர்நீத்தார்.

1915ஆம் ஆண்டு இவ்வரலாற்றின் மிகக் கசப்பான ஆண்டு எனலாம். ஏப்பிரல் 22ஆம் நாள், பெல்சியத்தின் ஈப்பிர நகரருகே யேர்மானியப் படை 150 தொன்னுக்கு மேற்பட்ட குளோரீன் வாயுவைத் திறந்துவிட்டது. அதே ஆண்டிலே, ஆங்கில இரசாயனவியலாளர் டேக்கின், பிரெஞ்சு அறுவைமருத்துவர் கரெலுடன் பிரான்சின் கொம்பியேன் நகரிற் பணியாற்றி, ஏறத்தாழ 0.5 சதவீதச் சோடியம் ஐப்போகுளோரைற்றுக் கரைசலாற் படைவீரரின் புண்களைக் கழுவும் முறையை உருவாக்கினார். கொன்றதும் காத்ததும் ஒரே மூலகம்.

மனிதன் வெளியிலிருந்து ஊற்றிய இம்மருந்தின் இனத்தையே உடல் தன்னுள் ஆக்கிவருகின்றது என்பதை அன்று எவரும் அறியார். 1941இல் சுவீடன் நாட்டு அக்னர், நோயாளரின் சீழிலிருந்து பச்சைநிற நொதியமொன்றைப் பிரித்தெடுத்தார். இன்று மயலோபெரொட்சிடேசு எனப்படும் அது, குருதியின் செந்நிறத்துக்குக் காரணமான ஈமின் இனத்தைச் சேர்ந்த இரும்புக் கூட்டமைப்பையே கொண்டது. செம்மல்வைஸிடம் காரியம் இருந்தது, காரணம் இல்லை. அக்னரின் கையிற் பொருள் இருந்தது, அதன் முழுப் பணி தெளிவாகவில்லை. 1967, 1968ஆம் ஆண்டுகளிற் கிளெபனோவ் இந்நொதியமும் ஐதரசன் பெரொட்சைட்டும் உப்பீனியமும் சேர்ந்து பற்றீரியாவைக் கொல்வதைக் காட்டினார். 1976இல் ஹரிசனும் சூல்ற்சும் அங்கே ஐப்போகுளோரசு அமிலம் உண்டாவதை நிறுவினர்.

அதன் செயன்முறை சுருக்கமானது. ஐதரசன் பெரொட்சைட்டு, ஈமின் இரும்பை உயர் ஒட்சியேற்ற நிலைக்கு உயர்த்தும். அந்நிலையிலுள்ள நொதியம் குளோரைட்டு அயனிலிருந்து இரு இலத்திரன்களைப் பறிக்கும். ஐப்போகுளோரசு அமிலம் பிறக்கும். ஆயின், இவ்வமிலம் பகையையும் உறவையும் பிரித்தறியாது. அளவு மிஞ்சின் சூழவுள்ள இழையங்களைச் சிதைக்கும். தன்னை ஆக்கிய ஈம் வளையத்தையே உடைத்து இரும்பை வெளிவிடவும் செய்யும்.

இங்கும் முடிவை விரைந்து உரைத்தல் தகாது. சில ஆயிரம் பேருள் ஒருவருக்கு இந்நொதியம் பிறப்பிலேயே குறைவு என்பது 1980களின் தொடக்கத்திற் புலனாகியது. அவர்களுட் பெரும்பாலோர் கடுந்தொற்றின்றியே வாழ்கின்றனர். உடல் ஒரே படைக்கலத்தை நம்பியிருப்பதில்லை என்பதே இதன் பொருள்.

கலைப்பீடத்து மாணவராகிய நாம் இவ்வரலாற்றிற் கற்கவேண்டியது இரசாயனம் மட்டுமன்று. விளக்கம் பிந்தியது என்பதற்காகச் சான்றைத் தள்ளிய அறிஞருலகின் பிழைக்கு, வியன்னாவின் தாய்மார் உயிரை விலையாகக் கொடுத்தனர். காரணம் கேட்பது அறிவின் கடமை. காரணம் கிடைக்கும்வரை கைகழுவ மறுப்பது அறிவாகாது.