பரிசு விழுந்த கடிதத்தின் முன்கதை

லாட்டரியில் பெரும்பரிசு விழுந்திருக்கிறது என்று வரும் மின்னஞ்சலின் மூதாதையரைத் தேடினால், பாரிஸுக்குத் தெற்கே இருந்த பிசேத்ர் சிறைக்குப் போக வேண்டும். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிந்தைய ஆண்டுகளில் அங்கிருந்த கைதிகள் வெளியூர்ச் செல்வந்தர்களின் முகவரிகளைத் திரட்டி, அவர்களுக்குக் கடிதம் எழுதுவதையே ஒரு தொழிலாக வைத்திருந்தார்கள். எழுதுபவர் தன்னை ஒரு பிரபுவின் பணியாள் என்பார். புரட்சிக்காரர்களுக்கு அஞ்சி ஓடும் வழியில் எசமானரின் பொன்னும் வைரமும் இருந்த பேழையைத் தண்ணீரில் போட்டுவிட்டதாகவும், அதை எடுக்கத் திரும்பி வந்தபோது பிடிபட்டதாகவும், இடத்தைக் காட்டும் வரைபடம் மீட்க வழியில்லாத ஒரு பெட்டிக்குள் கிடப்பதாகவும் கதை போகும். பெட்டியை மீட்கக் கொஞ்சம் பணம் அனுப்பினால் புதையலில் பங்கு உண்டு.

‘ஜெருசலேம் கடிதங்கள்’ எனப்பட்ட இவற்றைப் பதிவு செய்தவர் யூஜீன் பிரான்சுவா விதோக். தானே கைதியாக இருந்து, பின்னர் பாரிஸ் காவல் துறையின் துப்பறியும் பிரிவுக்குத் தலைவரானவர். 1828இல் வெளிவரத் தொடங்கிய தம் நினைவுக் குறிப்புகளில், நூறு கடிதம் போட்டால் இருபதுக்குப் பதில் வந்தது என்று அவர் கணக்குச் சொல்கிறார். துணி வியாபாரி ஒருவர் வைரத்தைத் தேடி பாந்நெஃப் பாலத்தின் வளைவுக்கு அடியில் தோண்டும்போது பிடிபட்ட கதையும் அதில் வருகிறது. விதோக் மிகைப்படுத்துவதில் வல்லவர். பாதியைக் கழித்துவிட்டாலும் நூற்றுக்குப் பத்து மிஞ்சும். சிறைக்குள் உட்கார்ந்திருப்பவனுக்கு அது மோசமான வருமானமல்ல.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதே கடிதம் ஸ்பெயினிலிருந்து இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போகத் தொடங்கியது. பணியாளின் இடத்தில் அரசியல் கைதி ஒருவர் வந்தார். ஒளித்து வைத்த பணத்தோடு, ஆதரவற்ற அவருடைய மகளும் கதைக்குள் சேர்ந்தாள். கடிதம் பெறுபவர் ஒரு பெண்ணைக் காப்பாற்றுகிறார், கூடவே பணமும் கிடைக்கிறது. ‘ஸ்பானியக் கைதி’ என்ற பெயரில் இது காவல் துறையின் ஏடுகளில் நிலைத்துவிட்டது.

மூன்றாவது பிறவி நைஜீரியாவில். 1980களில் எண்ணெய் விலை சரிந்தது. 1986இல் வந்த பொருளாதாரச் சீரமைப்பு அரசு வேலைகளைச் சுருக்கியது. ஆங்கிலம் நன்றாக எழுதத் தெரிந்த, வேலையில்லாத பட்டதாரிகள் பெருகினார்கள். எண்ணெய்க் கழகத்தின் ஒப்பந்தத்தில் கூடுதலாகப் போட்ட தொகை மத்திய வங்கியில் முடங்கிக் கிடக்கிறது, அதை வெளியே எடுக்க ஒரு வெளிநாட்டுக் கணக்கு வேண்டும், பங்கு தருகிறோம் என்று அஞ்சலிலும் டெலெக்ஸிலும் தொலைநகலிலும் செய்திகள் பறந்தன. 1998இல் ராணுவ ஆட்சியாளர் சானி அபாச்சா இறந்ததும், அவருடைய விதவையின் பெயரில் எழுதுவது வழக்கமாயிற்று.

இதற்கு ‘419’ என்று பெயர் வந்தது, ஏமாற்றிப் பொருள் பறித்தலைக் குறிக்கும் நைஜீரியக் குற்றவியல் சட்டப் பிரிவின் எண்ணால். இந்தியாவில் ஏமாற்றுக்காரனை ‘420’ என்பதற்கும் காரணம், 2024 வரை நடைமுறையில் இருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தில் ஏமாற்றுதலைக் குறித்த அந்த எண்ணுள்ள பிரிவுதான். இரண்டு சட்டங்களும் ஒன்றிலிருந்து ஒன்று வந்தவையல்ல. நைஜீரியாவின் 1916ஆம் ஆண்டுச் சட்டம் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து சட்டத்தைப் பின்பற்றியது. அடுத்தடுத்த எண்களாக அமைந்தது தற்செயல்.

ஏமாந்தவர்கள் எல்லோரும் அப்பாவிகள் என்று எண்ண வேண்டாம். பிரேசிலின் பாங்கோ நொரோஎஸ்தே என்ற வங்கியின் உயர் அதிகாரி ஒருவர், தரகுத் தொகைக்கு ஆசைப்பட்டு, நைஜீரியத் தலைநகர் அபுஜாவில் கட்டப்படாத ஒரு விமான நிலையத்துக்காக 1995 முதல் 1998 வரை சுமார் 24.2 கோடி டாலரைக் கொடுத்தார். பேரம் பேசியவர் நைஜீரிய மத்திய வங்கியின் ஆளுநராக நடித்தவர். நைஜீரியாவின் பொருளாதாரக் குற்றத் தடுப்பு ஆணையம் தொடுத்த வழக்கில் அவருக்கு 2005இல் சிறைத் தண்டனை கிடைத்தது.

இந்த 419 கடிதத்தில் ஒரு தந்திரம் இருந்தது. களவுப் பணத்தில் பங்கு கேட்டவர், ஏமாந்த பின்பு காவல் நிலையத்துக்குப் போகத் தயங்குவார். அந்தத் தந்திரத்துக்கு ஓர் எல்லையும் உண்டு: களவில் பங்கெடுக்க மனமில்லாதவர் முதல் கடிதத்தையே கிழித்துப் போட்டுவிடுவார். லாட்டரி இந்த எல்லையை உடைத்தது. பரிசு வாங்குவதில் குற்றமில்லை, கூச்சமில்லை. ஓய்வூதியம் வாங்கும் ஆசிரியர், தனியாக வாழும் மூதாட்டி, கல்லூரி மாணவர் என யாரும் பெயர் கொடுக்கலாம். மோசடியின் வரலாற்றில் மின்னஞ்சலைவிட இதுவே பெரிய மாற்றம் என்று சொல்ல இடமுண்டு. மின்னஞ்சல் அஞ்சல் தலைச் செலவை மிச்சப்படுத்தியது. லாட்டரியோ மனசாட்சியின் தடையை நீக்கியது.

2000க்குப் பின் இந்த லாட்டரிக் கடிதங்கள் பெருகின. ஆம்ஸ்டர்டாமும் மாட்ரிட்டும் இவற்றில் அடிக்கடி அடிபட்டதற்குக் காரணம் உண்டு. நெதர்லாந்தின் அரசு லாட்டரி 1726இலும், ஸ்பெயினின் கிறிஸ்துமஸ் லாட்டரி 1812இலும் தொடங்கியவை. உண்மையான பழைய பெயர் பொய்க்கு நல்ல போர்வை. 2005இல் ஸ்பெயினின் மாலகா பகுதியில் காவல் துறை 300க்கும் மேற்பட்டோரை இந்தக் குற்றத்துக்காகப் பிடித்தது. 2007இல் ஆம்ஸ்டர்டாமில் ஓர் இசை நிகழ்ச்சிக்குள் நுழைந்து 111 பேரைக் கைது செய்தார்கள். ஜமைக்காவின் மாண்டிகோ பே பகுதியில் இதே தொழில் தொலைபேசி வழியாக, அமெரிக்க முதியவர்களைக் குறிவைத்து வளர்ந்தது. அதற்கென்றே அந்நாடு 2013இல் தனிச் சட்டம் இயற்ற வேண்டி வந்தது.

மின்னஞ்சலின் நடை ஏறக்குறைய மாறாதது. உலகெங்கும் உள்ள மின்னஞ்சல் முகவரிகளைக் கணினியில் குலுக்கியதில் உங்கள் முகவரி வந்தது என்று அது தொடங்கும். சீட்டு வாங்காமல் பரிசு எப்படி என்ற கேள்விக்கு இதுவே பதில். பரிசு எண், தொகுதி எண், முத்திரை, கையொப்பம் எல்லாம் இருக்கும். பிறகு ஒரு வேண்டுகோள்: பணம் கைக்கு வரும்வரை யாரிடமும் சொல்ல வேண்டாம், வேறொருவர் போலியாக உரிமை கோரிவிடலாம். கவனிக்க வேண்டிய வரி இதுதான். வீட்டில் ஒருவரிடம் சொல்லியிருந்தால் பெரும்பாலான ஏமாற்றுகள் அன்றைக்கே முடிந்திருக்கும்.

பதில் எழுதியதும் ‘முகவர்’ ஒருவர் வருவார். கடவுச்சீட்டு நகலும் வங்கி விவரமும் கேட்பார். முதலில் கூரியர் கட்டணம், சில ஆயிரம்தான். அது கட்டிய பின் காப்பீடு, அதன்பின் சுங்கம், வரி, பயங்கரவாதப் பணமல்ல என்ற சான்றிதழ். ஒவ்வொரு தடையும் கடைசித் தடையாகவே சொல்லப்படும். இதுவரை கட்டியது வீணாகிவிடுமே என்ற பதைப்புதான் அடுத்த தவணையைக் கட்ட வைக்கிறது; பேராசை அந்தக் கட்டத்தில் ஏறக்குறைய தீர்ந்துபோயிருக்கும். சில நாடுகளில் கட்டணத்தைச் சமாளிக்க என்று காசோலையே அனுப்பி வைத்தார்கள். வங்கி அதை வரவு வைத்ததும் ஏமாந்தவர் பணம் அனுப்புவார். போலிக் காசோலை திரும்பி வருவது பின்னர்தான்.

எழுத்துப் பிழை இருந்தால் மோசடி என்று பலகாலம் சொல்லப்பட்டது. மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் கார்மாக் ஹெர்லி 2012இல் எழுதிய கட்டுரை இதை வேறு கோணத்தில் பார்த்தது. மின்னஞ்சல் அனுப்பச் செலவில்லை, பதில் போட்டவரோடு வாரக்கணக்கில் பேசத்தான் செலவு. அதனால் சந்தேகப்படக்கூடியவர்கள் முதல் வரியிலேயே விலகிப் போவது மோசடிக்காரருக்கு லாபம். நம்பமுடியாத கதை அதற்கு உதவும் சல்லடை என்றார் அவர். இன்று செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் எந்த மொழியிலும் பிழையின்றி எழுதித் தருகின்றன. பிழையைத் தேடும் அறிவுரை காலாவதியாகிவிட்டது.

இந்தியாவுக்கு இந்த அலை வந்தபோது உள்ளூர் அரிதாரம் பூசிக்கொண்டது. ரிசர்வ் வங்கியின் சின்னமும் ஆளுநரின் பெயரும் தாங்கிய மின்னஞ்சல்கள் வந்தன. தனிநபர் கணக்கு எதையும் தான் வைத்திருப்பதில்லை என்று அந்த வங்கி பலமுறை விளக்கம் தர நேர்ந்தது. அடுத்து வாட்ஸ்அப்பில் ‘கவுன் பனேகா க்ரோர்பதி’ என்ற தொலைக்காட்சிப் போட்டியின் பெயரில் 25 லட்சம் ரூபாய்ப் பரிசு. தமிழ்நாட்டில் அரசே 1968இல் பரிசுச் சீட்டு தொடங்கியது, 2003இல் லாட்டரி விற்பனை தடை செய்யப்பட்டது. ஆனாலும் திடீரென ஒருநாள் பரிசு விழும் என்ற நினைப்பைத் தடைச் சட்டத்தால் விலக்க முடியாது.

உண்மையான லாட்டரியின் நடைமுறையோடு ஒப்பிட்டால் பொய் உடனே தெரியும். பரிசு கேட்பவர் வாங்கிய சீட்டைக் காட்ட வேண்டும். இந்தியாவில் பரிசுத் தொகைக்கான 30 சதவீத வருமான வரியைப் பரிசு கொடுப்பவரே பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார். வென்றவர் முன்கூட்டிக் கட்டுவதில்லை. பிரிட்டனிலோ லாட்டரிப் பரிசுக்கு வரியே கிடையாது. மேலும், வெளிநாட்டு லாட்டரிச் சீட்டு வாங்க இந்தியாவிலிருந்து பணம் அனுப்புவதை அந்நியச் செலாவணி விதிகள் தடுக்கின்றன. பரிசை விடுவிக்கும் கட்டணம் என்ற பெயரில் இத்தகைய போலிப் பரிசுகளுக்குப் பணம் அனுப்புவதும் அந்தத் தடைக்குள் வரும் என்று ரிசர்வ் வங்கி 2010இல் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. கட்டணத்தைச் செலுத்தச் சொல்லும் கணக்கு யாரோ ஒரு தனிநபரின் சேமிப்புக் கணக்காக இருந்தால் வேறு சான்றே தேவையில்லை. பெரும்பாலும் அது கமிஷனுக்கு வாடகை விடப்பட்ட கணக்கு.

பணம் போய்விட்டால் மணிக்கணக்கில் யோசித்துக்கொண்டிருக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். அரசின் இணையக் குற்றப் புகார்த் தளத்திலும் பதியலாம். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன்பு தகவல் போனால் அதை முடக்க வாய்ப்புண்டு. சில மாதம் கழித்து, காவல் அதிகாரி என்றோ வழக்கறிஞர் என்றோ சொல்லிக்கொண்டு, இழந்த பணத்தை மீட்டுத் தருவதாக ஒருவர் பேசக்கூடும். ஏமாந்தவர்களின் பட்டியல் கைமாறி விற்கப்படுவதால் வரும் அழைப்பு அது. 1930இல் புகார் பதியக் கட்டணம் கிடையாது. மீட்டுத் தரக் கட்டணம் கேட்பவர் அதே கூட்டத்தைச் சேர்ந்தவர்.