18-ஆம் எண் ஸ்லைடு

நெமிலிச்சேரியில் நாம் தினமும் ஏறி இறங்குகிற பாதை, தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதையின் ஒரு துண்டு. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்துக்கும் இன்றைய வாலாஜா ரோடுக்கும் இடையே அது திறக்கப்பட்டது. அதன் பிற்காலச் சரித்திரத்தில் கொஞ்சம், ஐந்து பிஸ்கட் டின்களில் போன வருடம் என் வீட்டுக்கு வந்தது.

என் தங்கையின் கணவர் ரயில்வேயில் வேலை பார்த்தவர் அல்ல, ரயில் பைத்தியம். சைக்கிளில் கேமராவோடு போய் வருடக்கணக்காகக் கலர் ஸ்லைடு எடுத்தவர். அவர் காலமான பிறகு தங்கை, "அண்ணே, பழைய பேப்பர்காரர்கூட இதை வேண்டாங்கிறார்" என்றாள். எடுத்து வந்துவிட்டேன்.

உடனே ஒரு தப்பு செய்தேன். டின்களைக் கொட்டி, எஞ்சின் வகைப்படி பிரித்தேன். மூக்கில் நட்சத்திரம் வைத்த டபிள்யூ.பி. எஞ்சின்கள் ஒரு பக்கம், மீட்டர் கேஜ் ஒய்.பி. ஒரு பக்கம், டீசல் ஒரு பக்கம். எஞ்சினே இல்லாத படங்கள் "இதர" என்ற குவியலுக்குப் போயின. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் எது எந்த ஊர், எந்த வருடம் என்று தெரியவில்லை. வவுச்சர் கட்டைப் பிரித்துக் கலைக்கக் கூடாது என்று முப்பது வருடம் பேங்கில் மற்றவர்களுக்குச் சொன்னவன் நான்!

மீட்டுக் கொடுத்தவை ஸ்லைடின் அட்டைச் சட்டங்கள். பிலிம் கழுவிய மாதமும் வருடமும், ரோலில் படத்தின் எண்ணும் பலவற்றில் அச்சாகியிருந்தன. ஒரே மாதத்துப் படங்களை 1 முதல் 36 வரை அடுக்கினால் அவர் போன வழி அப்படியே திரும்பி வருகிறது. (கழுவிய மாதம்தான் அது, எடுத்த மாதம் அல்ல. இதையும் பிறகுதான் உணர்ந்தேன்.)

முத்திரை இல்லாதவற்றுக்குப் படத்தின் பின்னணிதான் சாட்சி. நம் பாதையில் திருவள்ளூர் வரை மின்சாரம் வந்தது 1979 நவம்பரில். ஆகவே ஆவடியில் தலைக்கு மேல் கம்பி இல்லையென்றால் அதற்கு முந்தைய படம். இதே கணக்கை எழும்பூருக்குப் போட்டால் மாட்டிக்கொள்வோம். கடற்கரை–தாம்பரம் மீட்டர் கேஜ் பாதையில் 1931-லேயே மின்சார ரயில் ஓடியது. அந்த மீட்டர் கேஜ் ரயிலும் 2004 ஜூலை 1-ஓடு நின்றுவிட்டது.

இப்போது அந்த "இதர" குவியலுக்கு வருகிறேன். அதில் ஒரு படம்: மூடிய லெவல் கிராசிங் கேட், வைக்கோல் ஏற்றிய மாட்டு வண்டி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு இரண்டு பையன்கள், பின்னால் பனைமரங்கள். ரயில் இன்னும் வரவில்லை. எஞ்சின் இல்லாததால் தூக்கிப் போட இருந்தேன். எண் 18, முத்திரை 1977 ஜனவரி. அதே ரோலில் 14 ஆவடி, 16 இந்து கல்லூரி, 17 பட்டாபிராம். 19-இல் திருநின்றவூர் பெயர்ப் பலகை தெளிவாகத் தெரிகிறது. பட்டாபிராமுக்கும் திருநின்றவூருக்கும் நடுவில் இருப்பது நாம்தானே.

எந்தக் கேட் என்பதுதான் பாக்கி. பெரிதாகப் பிரிண்ட் போட்டு அசோசியேஷன் அலுவலகத்தில் வைத்திருக்கிறேன். அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் குடியிருந்தவர்கள், வீட்டுப் பெரியவர்கள் யாராவது வந்து பார்த்துச் சொன்னால் சட்டத்தின் ஓரத்தில் எழுதிவிடுவேன். இந்த முறை பென்சிலில்.