பெருந்தொற்றுக் காலத் தொலைமருத்துவமும் மின்பரிந்துரையும்: அம்பாறைக் கரையோரம்

நோயாளியும் வைத்தியரும் வெவ்வேறு இடங்களில் இருக்க, தொலைபேசி, காணொளி அல்லது குறுஞ்செய்தி வழியாக நடக்கும் வைத்திய ஆலோசனை தொலைமருத்துவம் எனப்படுகிறது. ஒரு வைத்தியரோ வைத்தியசாலையோ நோயாளியை வேறொரு வைத்தியசாலைக்கு அனுப்பும்போது நோய் விபரத்தையும் பரிசோதனை முடிவுகளையும் அவர் போய்ச் சேருமுன்பே கணினி வழியாக அனுப்பிவைப்பது மின்பரிந்துரை. இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை 2015 முதல் இத்தகைய முறையை நாடளாவிய அளவில் நடத்தி வருகிறது. இந்தியா 2020 மார்ச் 25ஆம் திகதி தொலைமருத்துவ வழிகாட்டல்களை வெளியிட்டு, அடுத்த மாதமே வீட்டிலிருப்போருக்கான இசஞ்சீவனி சேவையைத் தொடங்கியது. தமிழ்நாடு அதை அதிகம் பயன்படுத்திய மாநிலங்களுள் ஒன்று.

இலங்கையில் நிலைமை வேறு. அரச வைத்தியசாலைக்குப் போகப் பரிந்துரைக் கடிதம் கட்டாயமில்லை. யாரும் எங்கும் நேரே போகலாம். தம்பிலுவில்லைச் சேர்ந்த நீரிழிவு நோயாளி ஒருவர் பக்கத்துத் திருக்கோவில் ஆதார வைத்தியசாலைக்கும் போகலாம். அக்கரைப்பற்றுக்கோ கல்முனைக்கோ மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கோ பஸ் ஏறவும் செய்யலாம். அவரது நோய் வரலாறு முழுவதும் கையிலுள்ள கிளினிக் கொப்பியில் இருக்கும். கொப்பி தொலைந்தாலோ, மழையில் நனைந்தாலோ, புதிய வைத்தியர் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்க வேண்டியதுதான்.

2020 மார்ச் 20ஆம் திகதி கொவிட் தொற்றால் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது கிளினிக்குகள் முடங்கின. அப்போது பெரிய அளவில் கைகொடுத்தது தபால் சேவை. மாதாந்தம் மருந்தெடுக்கும் நோயாளர்களின் விபரங்களைக் கொண்டு வைத்தியசாலைகள் மருந்துகளைப் பொதிசெய்ய, தபால் ஊழியர்கள் அவற்றை வீடுகளில் சேர்த்தனர். தொலைமருத்துவம் பற்றிய கட்டுரைகளில் தபால்காரருக்கு இடம் கிடைப்பதில்லை, கிடைக்க வேண்டும். குளிசை வீட்டுக்கு வராவிட்டால் தொலைபேசி ஆலோசனையால் பயனில்லை.

அம்பாறை மாவட்டத்தின் தமிழ் பேசும் கரையோரம், கல்முனைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனையின் கீழ் வருகிறது. 2020 நவம்பர் இறுதியில் அக்கரைப்பற்றில் தொற்றுப் பரவி, அப்பகுதி தனிமைப்படுத்தப்பட்டது. அக்கரைப்பற்றுக்குத் தெற்கே உள்ள ஊர்களுக்குக் கல்முனைக்கும் மட்டக்களப்புக்குமான பாதை அந்நகர் வழியாகவே போவதால் அவ்வூர் மக்களின் வைத்தியப் பயணமும் இதனால் சிக்கலானது.

2021இன் டெல்டா அலையில் வைத்தியசாலைக் கட்டில்கள் நிரம்பின. அறிகுறி குறைந்தவர்களை வீட்டிலேயே பராமரிக்கும் திட்டம் முதலில் மேல் மாகாணத்தில் தொடங்கிப் பின்னர் விரிந்தது. 1390 என்ற இலக்கத்தில் வைத்தியருடன் பேச முடிந்தது. அறிகுறியின் கடுமையைக் குறிக்கும் எழுத்து, வயது, அடையாள அட்டை இலக்கம், முகவரி ஆகியவற்றை 1904க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பவும் வழி செய்யப்பட்டது. சாதாரணக் கைத்தொலைபேசியே இதற்குப் போதுமானதாக இருந்தது இத்திட்டத்தின் பெரிய பலம்.

தொலைபேசியில் வைத்தியர் கவனிப்பவை சில: நோயாளி மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேசுகிறாரா, நேற்று நடந்த தூரம் இன்று நடக்க முடிகிறதா, உதடு நீலம் பாரித்திருக்கிறதா. விரலில் மாட்டும் ஒட்சிசன் அளவி 94 வீதத்துக்குக் கீழே காட்டினால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும். கொவிட் நோயில் மூச்சுத்திணறல் தெரியாமலே ஒட்சிசன் குறையக்கூடும் என்பதால் இக்கருவி உயிர் காத்தது. நகப்பூச்சும் கறுத்த மருதோன்றியும் அளவைப் பிழையாக்கலாம். பெருநாளுக்கும் கல்யாணத்துக்கும் மருதோன்றி வைக்கும் ஊர்களில் இதைச் சொல்லிக் கொடுப்பது அவசியம். மருதோன்றி இல்லாத விரலில் மாட்டினால் போதும்.

நம்பிக்கை இல்லாத இடத்தில் எந்தத் தொலைபேசி இலக்கமும் வேலை செய்யாது. 2020 ஏப்ரல் முதல் கொவிட்டில் இறந்தவர்களின் உடல்களைத் தகனம் செய்வது கட்டாயமாக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் அடக்கம் செய்வதை அனுமதித்திருந்தும் இந்த விதி 2021 பெப்ரவரி வரை நீடித்தது. மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது 2021 மார்ச்சில். அதுவரை, மார்க்கப்படி உடலை அடக்கம் செய்யும் முஸ்லிம் குடும்பங்கள் பல, பரிசோதனைக்கும் வைத்தியசாலைக்கும் போக அஞ்சின. நோயை மறைக்கத் தூண்டிய அந்த விதி பொதுச் சுகாதாரத்துக்கே கேடாக முடிந்தது.

தரவுத் துறையில் இலங்கை முன்னணியில் நின்றது. ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் உருவான டிஎச்ஐஎஸ்2 மென்பொருளைக் கொண்டு 2020 தொடக்கத்தில் இலங்கை உருவாக்கிய கொவிட் கண்காணிப்பு முறையைப் பல நாடுகள் பின்பற்றின. ஆனால் அது தொற்றைக் கண்காணிக்கும் முறை. தம்பிலுவில் நோயாளியின் கிளினிக் கொப்பிக்கு மாற்று அல்ல.

மின்பரிந்துரையின் அரைப்பங்கு அனுப்புவது; மறு அரைப்பங்கு பதில். பெரிய வைத்தியசாலை என்ன சிகிச்சை தந்தது, எந்த மருந்தை மாற்றியது, மீண்டும் எப்போது வர வேண்டும் என்ற குறிப்பு ஊர் வைத்தியருக்கும் குடும்ப நல உத்தியோகத்தருக்கும் திரும்பி வர வேண்டும். அது வராத மின்பரிந்துரை, கடிதத்தின் கணினிப் பிரதி மட்டுமே. ஆதார வைத்தியசாலையையும் சுற்றியுள்ள சிறு வைத்தியசாலைகளையும் ஒரே கொத்தணியாக இணைக்கும் கொள்கையை இலங்கை 2018இலேயே வகுத்துவிட்டது. கரையோர ஊர்களுக்கு இப்போது தேவை அதன் முழுமையான நடைமுறை.