குதிரை போன பிறகு

அமெரிக்கத் தேசியக் காடுகளுக்குள் இன்று வாடகைக்குக் கிடைக்கும் பழைய மரக்குடில்கள் பலவும் உல்லாசத்துக்காகக் கட்டியவை அல்ல. காட்டில் மாட்டிக்கொண்ட அரசு ஊழியன் ராத்தங்க எழுந்தவை.

அந்நாட்டு வனத்துறை 1905-ல் கிஃபோர்டு பின்ஷோ தலைமையில் தொடங்கியது. அன்றைய ரேஞ்சர் குதிரையைச் சொந்தக் காசில் வாங்க வேண்டும், கோவேறு கழுதைமேல் சுமை கட்டத் தெரிகிறதா என்று பரீட்சை வைத்தே வேலைக்கு எடுத்தார்கள். சாலை கிடையாது. பொழுது சாயும் இடத்தில் ஒரு கூரை வேண்டும். மொண்டானாவின் பிட்டர்ரூட் காட்டிலுள்ள ஆல்ட்டா குடிலை, அந்தத் துறை பிறப்பதற்கு முன்பே, 1899-ல் இரண்டு ரேஞ்சர்கள் கட்டிவிட்டார்கள்.

1910 ஆகஸ்ட் 20, 21 இரண்டே நாளில் ஐடஹோ, மொண்டானா பக்கம் சுமார் 30 லட்சம் ஏக்கர் காடு எரிந்தது. 80 பேருக்கு மேல் மாண்டார்கள், பெரும்பாலோர் தீயணைக்கப் போனவர்கள். அதன் பிறகுதான் தீயை முளையிலேயே பார்த்துவிட வேண்டும் என்ற வெறி துறைக்குப் பிடித்தது. மலையுச்சிகளில் காவல் குடில்கள் பெருகின. 14 அடிக்கு 14 அடியில் ஒரே அறை, நாலு பக்கமும் கண்ணாடி. நடுவில் புகை எழும் திசையை அளக்கும் ஆஸ்போர்ன் கருவி. இடி இறங்கும் உச்சி என்பதால் உட்காரும் ஸ்டூலின் கால்களுக்குக் கண்ணாடிக் குமிழ் மாட்டியிருக்கும். மின்னல் வெட்டும்போது காவலாளி அதன்மேல் ஏறிக்கொண்டுதான் தீயைத் தேடுவான்!

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சாலையும் ஜீப்பும் விமானமும் வந்தன. ரேஞ்சர் மாலைக்குள் வீடு திரும்பினார். குடில்களுக்கு வேலை போயிற்று. பராமரிக்கப் பணமில்லாமல் பலவற்றைத் துறையே கொளுத்திவிட்டது. தீயைத் தடுக்கக் கட்டியதற்குத் தீயே வைத்தார்கள்.

மிஞ்சியவற்றை வாடகைக்கு விட்டதுதான் காப்பாற்றியது. கட்டணத்தில் 80 சதவீதமாவது வசூலான இடத்திலேயே செலவாக வேண்டும் என்று 2004-ல் சட்டமும் வந்தது. கூரைக்குப் பணம் கிடைத்தது. வசதி பெரிதாக வரவில்லை, நல்லவேளை. பல குடில்களில் குழாயும் இல்லை, கரண்டும் இல்லை. குடிதண்ணீரும் படுக்கையும் நாமே சுமந்து போக வேண்டும், கழிப்பறை வெளியே. கிளம்பும்போது குப்பையைக் கையோடு எடுத்துப்போக வேண்டும். அடுத்து வருபவருக்கு அடுப்பெரிக்க விறகும் பிளந்து வைக்க வேண்டும். இத்தனைக்கும் கோடைச் சனி, ஞாயிறுகளில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு.