விறகு வைத்ததும் குப்பென்று கிளம்பும் புகை... வீட்டுக்குள் பரவாமல் தடுப்பது எப்படி?

அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருக்கும். தீ தணியுதேன்னு ஒரு விறகைச் செருகினால் போதும், அடுத்த நிமிடமே வீடு முழுக்கப் புகை. கண்ணு எரியும், குழந்தைகளுக்கு இருமல் வரும். கேஸ் இணைப்பு வந்த பிறகும் வெந்நீர் போட, சோறு வடிக்க எனப் பல வீடுகளில் விறகு அடுப்பு தொடர்கிறது. முந்திரித் தோப்புகள் நிறைந்த கடலூர் மாவட்டம் குறிஞ்சிப்பாடி வட்டாரமும் இதற்கு விதிவிலக்கல்ல.

வீட்டுக்குள் எரிபொருள் புகையால் 2020-ம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 32 லட்சம் பேர் உயிரிழந்ததாக உலக சுகாதார அமைப்பு மதிப்பிட்டுள்ளது.

விறகு வைக்கும்போது மட்டும் ஏன் இவ்வளவு புகை?

விறகு வைத்தவுடன் பற்றிக்கொள்வதில்லை. சூடு ஏறியதும் முதலில் அதிலுள்ள ஈரம் ஆவியாகும். அடுத்து எரியக்கூடிய வாயுக்களும் தார் போன்ற பொருட்களும் வெளியேறும். மேலே சுடர் இருந்தால் அவை எரிந்துவிடும். வெறும் தணல் மட்டும் இருந்தால், எரியாமல் அப்படியே புகையாகக் கிளம்பும். அதாவது புகை என்பது வீணாகும் விறகுதான்.

நெய்வேலி 'லெகோ' சொல்லும் பாடம்

பக்கத்தில் உள்ள நெய்வேலியில் வெட்டியெடுக்கும் பழுப்பு நிலக்கரியிலும் இதே கதைதான். அதன் எடையில் ஏறக்குறைய பாதி ஈரம். அப்படியே எரித்தால் புகையும். அதனால் அதை உலர்த்தி, கட்டியாக அழுத்தி, காற்றுப்படாமல் சூடாக்கி, புகை தரும் பொருட்களை முன்கூட்டியே நீக்கினார்கள். இப்படித் தயாரான கரிக்கட்டிதான் ஒரு காலத்தில் வீட்டு அடுப்புகளுக்கு விற்கப்பட்ட 'லெகோ'. விறகை வீட்டில் அப்படிப் பக்குவப்படுத்த முடியாது. ஆனால் ஈரத்தைக் குறைக்கலாம், சுடரைக் காப்பாற்றலாம்.

என்ன செய்ய வேண்டும்?

• தீ முழுசா அணைந்து தணலாகும் வரை காத்திருக்க வேண்டாம். சுடர் இருக்கும்போதே அடுத்த விறகை வைக்கவும்.

• தணல் மட்டும்தான் இருக்கிறதா? முதலில் இரண்டு மூன்று காய்ந்த சுள்ளிகளை வைத்து ஊதுகுழலால் ஊதவும். சுடர் வந்த பிறகே கனமான விறகு.

• ஒரு நேரத்தில் ஒரு விறகு போதும். அடுப்பு வாயை அடைத்தால் காற்று போகாது. நீள விறகு என்றால், எரிய எரியக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளவும்.

• சேர்ந்த சாம்பலை அடுப்பு மூட்டும் முன்பே அள்ளிவிடவும். விறகுக்கு அடியில் காற்று புக இடம் வேண்டும்.

• பச்சை விறகில் எடையில் பாதி வரை தண்ணீர் இருக்கலாம். பிளந்து, மழை படாத இடத்தில் மாதக்கணக்கில் காயவைத்த விறகே நல்லது.

புகைபோக்கி உள்ள அடுப்பு என்றால்?

மூடி உள்ள அடுப்பில், விறகு வைக்கும் முன் புகைபோக்கியின் அடைப்பை முழுமையாகத் திறக்கவும். அடுப்புக் கதவை முதலில் லேசாகத் திறந்து, சில விநாடிகள் விட்டு மெதுவாகத் திறக்க வேண்டும். சட்டென்று திறந்தால் புகை அறைக்குள் இழுக்கப்படும்.

ஜன்னலை மூடிவிட்டு எக்ஸாஸ்ட் ஃபேன் போடுவது பலர் செய்யும் தவறு. ஃபேன் வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக, புகைபோக்கி வழியாகவே புகை கீழே இறங்கலாம். ஒரு ஜன்னலாவது திறந்திருக்கட்டும். குழாயில் படியும் கரியையும் அவ்வப்போது சுத்தம் செய்ய வேண்டும்.

இதையெல்லாம் அடுப்பில் போடாதீங்க!

தீ சீக்கிரம் பிடிக்கும் என்று பிளாஸ்டிக் கவர், ரப்பர் துண்டுகளைப் போடுவது நச்சுப்புகையை உண்டாக்கும். முந்திரிக்கொட்டை ஓடும் நன்றாக எரியும். ஆனால் அதிலுள்ள எண்ணெயின் புகை கண்ணையும் தொண்டையையும் கடுமையாக எரிய வைக்கும். வீட்டுக்குள் அது வேண்டாம்.

புகை இல்லை என்றால் ஆபத்தும் இல்லையா?

இல்லை. தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. மூடிய அறையில் அது உயிரையே பறிக்கும். குளிருக்காகத் தணல் சட்டியை அறைக்குள் வைத்துத் தூங்கவே கூடாது. அடுப்பு அருகே இருக்கும்போது தலைவலி, தலைச்சுற்றல், வாந்தி வந்தால் உடனே எல்லோரும் வெளியே வந்து, மருத்துவ உதவிக்கு 108-ஐ அழைக்க வேண்டும்.