பிக்சலில் தங்கிய அளவீடு: கிரெக் வார்டின் ஒளி, நிற ஆய்வுகள்

கைபேசிக் கேமராவிலும் தொலைக்காட்சியிலும் இன்று புழங்கும் எச்.டி.ஆர். எனும் உயர் ஒளிர்வீச்சுத் தொழில்நுட்பத்தின் வரலாற்றை ஒளிப்படக் கலையிலிருந்து தொடங்குவதே வழக்கம். கணினி வரைகலையைப் பொறுத்தவரை அதன் முக்கிய வேர் ஒன்று கட்டட ஒளியமைப்பு ஆய்வில் இருக்கிறது. கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கிரெக் வார்ட் உருவாக்கிய, கட்டடத்துக்குள் ஒளி பரவுவதைக் கணக்கிடும் ரேடியன்ஸ் மென்பொருளும் அதையொட்டி அவர் வெளியிட்ட கட்டுரைகளும் இதற்குச் சான்று.

ரேடியன்ஸ் பணி 1985இல் தொடங்கியது. அமெரிக்க எரிசக்தித் துறையும் பின்னர் சுவிட்சர்லாந்து அரசும் நிதி அளித்தன. ஜன்னல் வழியே வரும் பகலொளி மேசைமீது எத்தனை லக்ஸ் விழும் என்பது போன்ற கேள்விகளுக்குப் படத்தின் அழகு விடையாகாது. எண் சரியாக இருக்க வேண்டும். டர்னர் விட்டட் 1980இல் முன்வைத்த கதிர்த்தொடர் முறை கண்ணாடியையும் பளபளப்பையும் நன்கு காட்டியது. சுவருக்குச் சுவர் சிதறும் ஒளியை விட்டுவிட்டது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் 1984ஆம் ஆண்டு ரேடியாசிட்டி முறையோ சிதறலைக் கணக்கிட்டது. பளபளப்பு அதற்குள் அடங்கவில்லை.

ரூபின்ஸ்டைன், கிளியர் ஆகியோருடன் வார்ட் 1988இல் எழுதிய கட்டுரை இந்த இடைவெளியை நிரப்பியது. மறைமுக ஒளி ஒரு பரப்பில் இடத்துக்கிடம் மெதுவாகவே மாறும். எனவே சில புள்ளிகளில் மட்டும் அரைக்கோளம் முழுதும் கதிர்களை அனுப்பிக் கணக்கிட்டுச் சேமித்து, இடைப்பட்ட புள்ளிகளுக்கு அவற்றிலிருந்தே மதிப்பைப் பெறலாம். பொருள்கள் நெருங்கும் மூலைகளில் புள்ளிகள் நெருக்கமாகும்; திறந்த பரப்பில் விலகும். அவருடைய கட்டுரைகளில் என் பார்வைக்கு மிகவும் நேர்த்தியானது இதுவே. உலோகம், மரம் போன்ற பரப்புகளின் எதிரொளிப்பைத் தாமே அமைத்த கருவியால் அளந்து எழுதிய 1992ஆம் ஆண்டுக் கட்டுரையிலும் அதே அளவீட்டுப் பிடிவாதம் தெரிகிறது.

கணக்கிட்ட எண்ணை எங்கே வைப்பது? வழக்கமான 24 பிட் படத்தில் நிறம் ஒன்றுக்கு 256 படிகளே உண்டு. ஜன்னலுக்கு வெளியே உள்ள வானமும் மேசையடி நிழலும் அதில் ஒருசேர அடங்கா. மூன்று நிறங்களையும் மிதவைப் புள்ளி எண்களாக எழுதினால் பிக்சலுக்கு 12 பைட் வேண்டும். மூன்று நிறங்களுக்கும் பொதுவாக ஓர் அடுக்கு எண்ணை வைத்து அதை 4 பைட்டில் அடக்கினார் வார்ட். 1991இல் இம்முறையை அச்சில் வெளியிட்டார். துல்லியம் ஏறத்தாழ 1 விழுக்காடு. வீச்சோ பத்தின் 76 அடுக்குகள். கட்டடப் பொறியாளர் படத்தின் எப்புள்ளியிலும் ஒளிர்வைப் படித்துக்கொள்ளலாம். பால் டெபெவெக் 1998இல் நிஜக் காட்சியின் ஒளியை அளந்து கற்பனைப் பொருள்களுக்கு ஊட்டியபோது, கணக்கிடப் பயன்பட்டது ரேடியன்ஸ்தான்.

அந்த 4 பைட் வடிவத்துக்கு நிறவியல் நோக்கில் ஒரு குறை உண்டு. எதிர்ம எண்ணுக்கு இடமில்லாததால், தேர்ந்த மூன்று அடிப்படை நிறங்களின் முக்கோணத்துக்கு வெளியே உள்ள நிறங்களைக் குறிக்க முடியாது. 1998இல் வெளியான லாக்-லுவ் முறை இதைத் தீர்த்தது. ஒளிர்வு மடக்கையாகவும் நிறம் பன்னாட்டு ஒளியூட்டல் ஆணையத்தின் 1976ஆம் ஆண்டு ஆயங்களாகவும் தனித்தனியே பதிவாயின. கண் காணும் நிறங்கள் அனைத்தும் அதில் அடங்கின.

இவ்வளவு வீச்சையும் சாதாரணத் திரையில் எப்படிக் காட்டுவது? ரஷ்மையர், பியாட்கோ ஆகியோருடன் 1997இல் எழுதிய கட்டுரை, காட்சி உள்ள இடத்தில் நிற்பவர் கண்ணுக்குத் தெரிவது படத்திலும் தெரிய வேண்டும், தெரியாதது தெரியக்கூடாது என்று வரையறுத்தது. கண்கூச்சம், இருட்டில் நிறம் மங்குதல், பார்வைக் கூர்மை குறைதல் ஆகிய மூன்றையும் அது கணக்கில் கொண்டது. நிழலையெல்லாம் வெளுப்பாக்கும் பிற்கால எச்.டி.ஆர். படங்கள் இதன் முதற்பாதியை மட்டுமே எடுத்துக்கொண்டன.

2004இல் திரையே மாறியது. எல்.சி.டி. பலகைக்குப் பின்னால் தனித்தனியே கூட்டிக் குறைக்கக்கூடிய எல்.இ.டி. விளக்குகளை வைத்த அமைப்பை விளக்கிய கட்டுரையின் ஆசிரியர்களுள் வார்டும் ஒருவர். ரேடியன்ஸ் நிரல் அதற்குள், 2002இலேயே, திறந்த மூலமாகிவிட்டது. டேசிம் போன்ற பகலொளிக் கணிப்பு மென்பொருள்கள் அதன்மேல் கட்டப்பட்டவை.