பிராட்டில் அரங்கமும் பழைய படங்களின் மறுவாழ்வும்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில், ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் வாசலிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது பிராட்டில் அரங்கம். இருநூற்றுச் சொச்சம் இருக்கைகள் கொண்ட சிறிய கூடம். புதுப்பட வெளியீட்டை நம்பாமல், பழைய படங்களையும் அயல்மொழிப் படங்களையும் தேர்ந்தெடுத்து ஓரிரு நாளுக்கு ஒன்றாக மாற்றிமாற்றித் திரையிடும் ‘ரெப்பர்ட்டரி’ அரங்குகளில், அமெரிக்காவில் நெடுங்காலம் நீடித்தவற்றுள் இதுவும் ஒன்று.

கட்டடம் சினிமாவுக்காக எழுந்ததல்ல. கேம்பிரிட்ஜ் சமூகச் சங்கம் கூட்டங்களுக்கும் நாடகங்களுக்குமாக 1890இல் கட்டியது. 1942 ஆகஸ்டில் பால் ரோப்சன் ஒத்தெல்லோவாக நடித்த நாடகத்தின் முதல் மேடையேற்றம் இங்கேதான் நடந்தது. மறுஆண்டு அது நியூயார்க்கின் பிராட்வே மேடைக்குப் போனது. போருக்குப் பின் ஹார்வர்டுக்குத் திரும்பிய மாணவர்கள் சிலர் 1948இல் தொடங்கி இங்கே ஒரு நாடகக் குழுவை நடத்தினர். நாடகங்களுக்குப் பாராட்டு கிடைத்தது; வசூல் கிடைக்கவில்லை.

குழுவைச் சேர்ந்த நடிகர் பிரையன்ட் ஹாலிடேயும் அவருடைய நண்பர் சைரஸ் ஹார்வியும் 1953இல் கூடத்தைத் திரையரங்காக மாற்றினர். ஹார்வி உதவித்தொகை பெற்றுப் பாரிஸில் படித்தவர். அங்கே வகுப்பறையைவிட ‘சினிமாத்தெக் பிரான்செஸ்’தான் அவரை அதிகம் ஈர்த்தது. ஹென்றி லாங்லுவாவும் ஜார்ஜ் ஃப்ரான்ஜுவும் 1936இல் நிறுவிய அந்தக் காப்பகம், பழைய படங்களைச் சேமிப்பதோடு நிற்காமல் தினமும் திரையிட்டும் வந்தது. ஊமைப்படமும் ஹாலிவுட் துப்பறியும் படமும் அங்கே ஒரே மரியாதையோடு ஓடின. பிராட்டிலின் விதை அங்கிருந்து வந்தது என்றே கொள்ளலாம்.

நாடக மேடையைத் திரையரங்காக்கியதில் ஒரு விசித்திரம் நேர்ந்தது. படக்கருவி பார்வையாளர்களின் முதுகுப்பக்கத்தில் இல்லை. திரைக்குப் பின்னால் வைக்கப்பட்டது. பின்னாலிருந்து ஒளி பாய்ச்சினால் இடம் வலமாகிவிடும் என்பதால் பிம்பத்தைத் திருப்பித் தரும் ஏற்பாடும் தேவைப்பட்டது. இம்முறையில் இயங்கும் அரங்குகள் அரிது.

பழைய படம் ஓட்டுவது அன்று எளிதான தொழிலல்ல. ஓடி முடிந்த படத்தின் பிரதிகளை ஸ்டூடியோக்கள் பெரும்பாலும் சுமையாகவே கருதின. ஒலி வந்தபின் பல ஊமைப்படங்கள் கவனிப்பாரின்றி அழிந்தே போயின. நிலைமையை மாற்றியது, சினிமாவின் எதிரியாகக் கருதப்பட்ட தொலைக்காட்சிதான். ஒளிபரப்பு நேரத்தை நிரப்பப் பழைய படங்கள் மூட்டைமூட்டையாகத் தேவைப்பட்டன. வார்னர் பிரதர்ஸ், 1950க்கு முந்தைய தன் படங்களை 1956இல் அசோசியேட்டட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனத்துக்கு ஒட்டுமொத்தமாக விற்றது. அந்தக் குவியலில் ‘காசாபிளாங்கா’வும் இருந்தது.

1942இல் வெளியாகி, சிறந்த படத்துக்கான ஆஸ்கரையும் பெற்ற அது, பதினைந்து ஆண்டுகளில் வெற்றி பெற்ற போர்க்காலப் படங்களுள் ஒன்று என்ற அளவில் நின்றுவிட்டிருந்தது. நாயகன் ஹம்ஃப்ரி போகார்ட் 1957 ஜனவரியில் இறந்தார். அதே ஆண்டு ஏப்ரலில் பிராட்டில் அதைத் திரையிட்டபோது கூடிய கூட்டம் நடத்தியவர்களையே வியக்கவைத்தது. படம் திரும்பத் திரும்ப வந்தது. போகார்டின் மற்ற படங்களும் சேர்ந்து ‘போகார்ட் விழா’ ஆயின. விழாவை ஹார்வர்ட் தேர்வுக் காலத்தோடு பொருத்தி வைத்தது கெட்டிக்காரத்தனம். படித்துக் களைத்த மாணவர்கள் போகார்டைப் போல மழைக்கோட்டு அணிந்து வந்தனர். வசனங்களை நடிகர்களோடு சேர்ந்து ஒப்பித்தனர். பிரெஞ்சு நாட்டுப்பண் ஒலிக்கும் காட்சியில் உடன் பாடினர். ஒருமுறை ஒலி நின்றுபோக, கூடமே மீதி வசனத்தைச் சொல்லி முடித்ததாக ஒரு கதை உண்டு. அரங்கின் கீழ்த்தளத்தில் படத்தின் பெயரிலேயே ஒரு மதுக்கூடமும் திறக்கப்பட்டது.

கதை தெரியாதவர்களுக்கான கேளிக்கை அல்ல இது. கதையை மனப்பாடம் செய்தவர்கள் கூடி நடத்தும் சடங்கு. ‘கல்ட்’ படம் என்று பிற்காலத்தில் அழைக்கப்பட்டதன் அடையாளமே இதுதான். ஒரு படம் கல்ட் ஆக வேண்டுமானால் அது துண்டுதுண்டாகப் பிரித்து மேற்கோள் காட்ட ஏற்றதாக இருக்க வேண்டும் என்று இத்தாலிய எழுத்தாளர் உம்பர்த்தோ எக்கோ வாதிட்டதும் ‘காசாபிளாங்கா’வை வைத்துத்தான். ஆனால் துண்டுகள் மனத்தில் பதிய, படம் மறுபடி மறுபடி ஓட ஓர் இடம் வேண்டும். ‘காசாபிளாங்கா’ இன்று பெற்றிருக்கும் புகழில் இந்தச் சிறு கூடத்துக்கும் பங்கு உண்டு.

ஹாலிடேயும் ஹார்வியும் 1956இல் தொடங்கிய ஜேனஸ் ஃபிலிம்ஸ், பெர்க்மனின் ‘ஏழாவது முத்திரை’, த்ரூஃபோவின் ‘ஜூலும் ஜிம்மும்’ போன்றவற்றை அமெரிக்கத் திரைகளுக்குக் கொண்டுவந்தது. 1960களின் நடுவில் இருவரும் அதை விற்றுவிட்டனர். ஹாலிடே பேய்ப்படங்களில் நடிக்கப் போனார். ஹார்வி 1972இல் ‘கிராப்ட்ரீ அண்ட் ஈவ்லின்’ என்ற வாசனைச் சோப்பு நிறுவனத்தைத் தொடங்கினார். பெர்க்மனைவிட அதில் வருமானம் அதிகம் வந்திருக்கும்.

அடுத்த தலைமுறையில் சடங்கு நள்ளிரவுக்கு நகர்ந்தது. நியூயார்க்கின் எல்ஜின் அரங்கில் பென் பாரென்ஹோல்ட்ஸ், ஹொடோரோவ்ஸ்கியின் ‘எல் தோப்போ’வை 1970 டிசம்பர் முதல் மாதக்கணக்கில் நள்ளிரவுக் காட்சியாக ஓட்டினார். 1976இல் வேவர்லி அரங்கில் ‘ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ’ அந்த நேரத்துக்கே உரிய படமாயிற்று. கேம்பிரிட்ஜிலேயே 1969இல் தொடங்கிய ஆர்சன் வெல்ஸ் சினிமா, ஜமைக்காப் படமான ‘தி ஹார்டர் தே கம்’மை ஆண்டுக்கணக்கில் நள்ளிரவில் ஓட்டியது.

பிறகு வீடியோ கேசட் வந்தது. விரும்பிய படத்தை விரும்பிய இரவில் வாடகைக்கு எடுக்க முடிந்தபோது, அது அரங்குக்கு வரும்வரை காத்திருக்கும் தேவை போய்விட்டது. எல்ஜின் அதற்கு முன்பே, 1978இல், மூடப்பட்டுப் பின்னர் நடன அரங்காயிற்று. ஆர்சன் வெல்ஸ் சினிமா 1986இல் தீக்கிரையானது. பிராட்டிலும் கைமாறித் தள்ளாடியது. 1986இல் பொறுப்பேற்றவர்கள் வாரத்தின் ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு பொருள் ஒதுக்கி நிகழ்ச்சி நிரலை அமைத்தனர். இன்ன கிழமை இன்ன வகைப் படம் என்று பார்வையாளர்களுக்குப் பழகிப்போனது. 2001 முதல் அரங்கை ஓர் இலாபநோக்கற்ற அறக்கட்டளை நடத்துகிறது. நுழைவுச்சீட்டோடு உறுப்பினர் கட்டணமும் நன்கொடையும் சேர்ந்தால்தான் இப்போது கணக்கு நேராகிறது.

ஸ்டூடியோக்கள் ஃபிலிம் பிரதிகளைக் கைவிட்டு டிஜிட்டலுக்கு மாறியபோது, அரங்கம் 2013இல் ரசிகர்களிடம் நிதி திரட்டிப் புதிய கருவி வாங்கியது, 35 மி.மீ. கருவிகளையும் அகற்றவில்லை. காப்பகங்கள் தங்கள் அரிய பிரதிகளை எல்லோருக்கும் தருவதில்லை. ரீல்களை வெட்டி ஒட்டாமல், இரண்டு கருவிகளில் மாற்றிமாற்றி ஓட்டத் தெரிந்த ஆள் இருக்கும் அரங்குகளுக்கே பெரும்பாலும் அவை அனுப்பப்படுகின்றன.